மாமனாரை வெட்டிய சென்சார்

எண்பதுகளில் ஒரு சனிக்கிழமை மதியம் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் தெம்பனிஸ் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு நண்பர்கள். மல்லிகைப் பொட்டலம் வைத்திருந்தவர் சொன்னார்:

"சென்சார்ல என் மாமனார வெட்டிட்டாங்க."

"அவரு என்னடா பண்ணாரு?"

"மதுரையிலேருந்து மச்சான் கல்யாண வீடியோ கொண்டாந்தேன்ல. புளூ ஃபிலிமா இருக்குமோன்னு ஏர்போர்ட்ல வாங்கி வச்சுக்கிட்டாங்க. போன வாரந்தான் திருப்பிக் குடுத்தாங்க. ஊர்வலத்துல மாமா ஆடுறப்போ வேட்டி அவுந்துச்சு. அந்த இடத்த மட்டும் அழிச்சுட்டாங்க."

"நல்லதுதானே லா. மானம் தப்பிச்சுது."

"எங்க தப்பிச்சுது? அன்னிக்குக் கூட்டத்துல யாருமே கவனிக்கல. இப்ப அந்த இடம் வந்தா டிவி முழுக்கப் புள்ளி புள்ளியா வருது. பார்க்கறவங்க எல்லாம் என்ன ஆச்சுன்னு கேக்கறாங்க."

"ஏதாச்சும் சொல்லிச் சமாளிக்க வேண்டியதுதானே?"

"நான் வாயத் தொறக்கறதுக்குள்ள மாமியார் எந்திரிச்சு ஆடியே காட்டிடறாங்க. மாமா ரூம விட்டு வெளிய வர்றதில்ல."

பஸ் வந்தது. ஏறும்போது மற்றவர் கேட்டார்:

"சாயங்காலம் வீட்டுல இருப்பியா? சும்மாதான். மாமாவப் பார்த்து ரொம்ப நாளாச்சு."