உடம்பப் பாத்துக்கோங்க

இல்ல மேடம், மறுபடியும் சொல்றேன், அந்த மெயில நான் அனுப்பல. ஐடி என்னுது. பேரு என்னுது. அனுப்பினது நான் இல்ல. லிஃப்ட் மெக்கானிக் கோர்ஸுக்கு அப்ளை பண்ணி, பரீட்சை எழுதி, இதே கட்டடத்துல மேல வந்து ஸ்பானர் புடிச்சுக் காட்டி, அத்தன பசங்களுக்கு நடுவுல ஒத்தப் பொண்ணா நின்னுட்டு, கடைசில சீட்டு குடுத்தா வேணாம்னு எழுதுவேனா? நான் என்ன லூசா?

சாரி. கத்தல மேடம். என் குரலே இப்படித்தான்.

அந்த ஸ்கிரீன கொஞ்சம் என் பக்கம் திருப்புறீங்களா? நான் இதுவரைக்கும் இங்கிலீஷ்ல முழுசாப் பாக்கல, வாசிக்கறேன். ம். எனக்கு இந்த சீட்டு வேணாம். வேற ஏழைப் பிள்ளைக்குக் குடுத்துடுங்க. ரொம்ப நன்றி. ப்ளீஸ் லுக் அட் யுவர் பாடி.

நீங்களும் சிரிச்சீங்களா இதப் படிச்சுட்டு? ஆபீஸே சிரிச்சுச்சா? பரவால்ல, நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு எழுதின பரீட்சையில இங்கிலீஷ்ல எனக்கு என்ன மார்க்குனு பாருங்க. பாத்தீங்கல்ல? அந்தப் பொண்ணு இப்படி எழுதுவாளா, உங்க உடம்பப் பாருங்கன்னு?

ஹேக்கா? என் மெயில ஹேக் பண்ணி எவனுக்கு என்ன கெடைக்கப் போவுது? என் மெயில்ல இருக்கிறதெல்லாம் ஹால் டிக்கெட்டும், ஷூ கடைக்காரன் அனுப்புற தள்ளுபடியும்தான்.

சரி, குடுங்க ஃபார்ம. எழுதறேன். இதுல ரெண்டாவது கட்டம் இருக்கே, மறுப்புக் கடிதம் அனுப்பிய நபர், உறவுமுறைன்னு, அதக் கட்டாயம் எழுதணுமா? எழுதாம விட்டா? ஓ. மேல இருக்கவங்க திருப்பி அனுப்பிடுவாங்களா. இன்னிக்கு நாலு மணியோட முடிஞ்சுதுன்னா யாரோ விலகினதால காலியான அந்த ஒரு எடம் வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்தவனுக்குப் போயிடும். தெரியும் மேடம், போன்லயே நீங்க சொன்னீங்க. அதனாலதான ரெண்டு பஸ் மாறி வந்து நிக்கிறேன். மத்ததெல்லாம் முதல்ல எழுதிக்கறேன். அந்தக் கட்டத்தக் கடைசில எழுதறேன்.

தனியா வரல. அம்மா வந்திருக்காங்க. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க. வேணாம் மேடம், உக்காரட்டும், முட்டி வலி. தேவைப்பட்டா கூப்பிடுவோம்.

பாஸ்வேர்ட் யாருக்கெல்லாம் தெரியும்னு கேட்டீங்கல்ல. இங்கதான் கொஞ்சம் கத சொல்லணும். எங்க வீட்டுல நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு ஹோட்டல்ல பெட்ஷீட் மடிக்கிற வேல. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பாங்க. இங்கிலீஷ் சுத்தமா வராது. ஒம்பது வயசுலேர்ந்து எங்க வீட்டுக்கு நான்தான் வாயி. வீட்டு ஓனர் லெட்டர் போட்டா நான் படிப்பேன். டாக்டர்கிட்ட அம்மாவுக்கு எங்க வலிக்குதுன்னு நான் சொல்வேன். டாக்டர் என்னைப் பாத்து மாத்திர சொல்வாரு, அம்மா என் வாயப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. என்னைப் பத்தி ஸ்கூல்ல டீச்சர் எழுதியனுப்புற கம்ப்ளெயிண்ட்டையும் நான்தான் படிச்சுக் காட்டுவேன். அதுல கொஞ்சம் மாத்திதான் படிப்பேன், அது வேற.

அப்ப வீட்டுல ஒரே போனு, அம்மாவோடது. அதுலதான் என் மெயில் ஐடி தொறந்தேன். அப்புறம் பன்னெண்டு முடிச்சு எனக்குன்னு ஒரு பழைய போன் வந்தப்பவும் அதே ஐடியத்தான் ரெண்டுலயும் போட்டேன். வேற ஐடி தொறக்க சோம்பல். இதுல அழிச்சா அதுலயும் அழியும். இப்பப் புரியுது, அன்னிக்கு ஒரு நிமிஷ சோம்பல்.

இந்தக் கோர்ஸுக்கு அப்ளை பண்ணப்ப ரெண்டு வருஷம் ஹாஸ்டல்னு போட்டிருந்துச்சு பாருங்க, அதப் படிச்சதும் எனக்கு முதல்ல வந்த கவல என்ன தெரியுமா? லிஃப்டு கயிறு அறுந்து விழுமோன்னு இல்ல. நான் இங்க வந்துட்டா அங்க லெட்டர யாரு படிப்பா? இதான். அதனால உக்காந்து, ஒரு வாரம், சும்மா கெடைக்கிறதையெல்லாம் தேடித் தேடி அம்மா போன்ல போட்டேன். எல்லாமே ஓசி மேடம். நீங்க கூடப் போட்டுக்கலாம். மொழி மாத்தறது ஒண்ணு இருக்கு, எழுதின காயிதத்து மேல கேமராவப் புடிச்சா போதும், தமிழ்ல காட்டும், வாசிச்சும் சொல்லும். வந்த மெயிலையும் தமிழாக்கும், மைக்க அமுக்கித் தமிழ்ல பேசினா இங்கிலீஷ்ல எழுதிக் குடுக்கும், அத அப்படியே மெயில்ல அனுப்பலாம். ஆஸ்பத்திரிக்கு நேரம் புடிக்கிறது, பஸ்ஸு இப்ப எங்க வருதுன்னு பாக்கறது, மாத்திர நேரத்துக்கு மணி அடிக்கிறது. மணிக்கு நானே குரல் பதிஞ்சு வெச்சேன், யம்மா, வெள்ள மாத்திர, சாப்பிட்டப்புறம், மறக்காதன்னு. இப்பவும் தெனம் ரெண்டு வேள அடிக்குது. அடிக்கிறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

சொல்லிக்குடுக்கத்தான் உசுரு போச்சு. அம்மாவுக்கு மைக்குன்னா அதுக்குள்ள ஒரு ஆளு உக்காந்திருக்கிற மாதிரி நெனப்பு. அமுக்கிட்டு, தம்பி வணக்கம், சாப்டியா, இதக் கொஞ்சம் இங்கிலீசுல மாத்திக் குடுப்பான்னு கேப்பாங்க. அது பாவம், தம்பி சாப்டியா வரைக்கும் மாத்திக் குடுக்கும். யம்மா, அது மிஷினுன்னு கத்துவேன். மிஷினா இருந்தா என்னடி, வேல செய்யுதுல்லன்னு சொல்வாங்க. முதல்ல ஷாம்பு பாட்டில்ல எழுதியிருக்கிறதப் படிக்க வெச்சேன். கண்ணில் பட்டால் கழுவவும்னு அது சொன்னதும் அம்மா கைதட்டினாங்க. அப்புறம் கண்ணக் கசக்கிக்கிட்டு, நீ போறதுக்குத்தானடி இத்தனையும் பண்றன்னு கேட்டாங்க. ஆமான்னேன். வேற என்ன சொல்றது. பொய் சொல்ல எனக்கு வராது.

ரிசல்ட்டா? வரவே இல்லையே மேடம். மெயிலத் தொறந்து தொறந்து பாத்தேன். தேஞ்சே போச்சு என் கட்ட வெரல்ல பாதி. ஒரு மாசம் போச்சு. சீட்டு கெடைக்கலன்னு நானே முடிவு பண்ணிட்டேன். அன்னிக்கு நான் அழுதேன், நான் அழற ஆளே கெடையாது. அம்மா பக்கத்துல உக்காந்து தலையத் தடவினாங்க. விடுடி, அவனுங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு, உன்னை வேணாம்னவனுங்க உருப்படுவானுங்களான்னு சொன்னாங்க. உங்களத்தான் மேடம். அன்னிலேர்ந்து எங்க வீட்டுல தெனம் திட்டு வாங்குறீங்க.

அப்புறம் ஜெராக்ஸ் கடையில சேந்தேன். இப்பவும் அங்கதான். வர்றவங்களுக்கு ஃபார்ம் பூர்த்தி பண்ணிக் குடுக்கறது, ஸ்கேன் பண்றது, போட்டோவுல பின்னாடி இருக்கிற பீரோவ அழிச்சு வெள்ளையாக்கறது. எல்லாம் அதே ஓசிச் சமாச்சாரம்தான், நாங்க மேல காசு போட்டு வாங்குவோம். பெருமப்பட ஒண்ணும் இல்ல.

போன வாரம் அம்மா போன நீட்டினாங்க. எடமில்ல எடமில்லன்னு கத்துதுடி, தொடச்சுக் குடுன்னாங்க. அவங்களாத்தான் குடுத்தாங்க, இதக் கேட்டுக்கோங்க. நான் புடுங்கிப் பாக்கல. ஒவ்வொண்ணாத் தொறந்து குப்பைய அழிச்சுட்டு வந்தேன். மொழி மாத்தறது இருக்குல்ல, அதுல நீங்க கேட்டது, அது சொன்னது எல்லாத்தையும் அப்படியே தேதி போட்டு வெச்சிருக்கும். ஹிஸ்டரி. அத அழிக்கணும்னு நான் அம்மாவுக்குச் சொல்லிக்குடுக்கல. மெயில அழிக்கச் சொல்லிக்குடுத்தேன், போட்டோவ அழிக்கச் சொல்லிக்குடுத்தேன். இத விட்டுட்டேன்.

கீழ இறங்கிக்கிட்டே போறேன். மாத்திர டப்பா. சோப்புத் தூள். வீட்டு ஓனரு தண்ணி மோட்டாருக்குப் போட்ட நோட்டீசு. அதுக்கும் கீழ பெருசா ஒண்ணு. மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம், தாங்கள் தூக்குப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள், ஏழு நாட்களுக்குள் இருக்கையை உறுதி செய்யவும்.

தூக்குப் பயிற்சியாம். லிஃப்ட்ட அப்படி மாத்திடுச்சு. நான் முதல்ல சிரிச்சேன் மேடம், சத்தியமா. எவனுக்குடா தூக்குன்னு சிரிச்சுட்டு, அப்புறம்தான் பேரப் பாத்தேன். எனக்கு சீட்டு கெடைச்சதே அப்பத்தான் தெரியும். மூணு மாசம் கழிச்சு, ஒரு ஓசி மிஷினு சொல்லி.

அதுக்கு மேல, மறுநாள் தேதில, மைக்குல பேசினது. நாலு தடவ. முதல் தடவ, சார் வணக்கம், நல்லா இருக்கீங்களா, என் பொண்ணுக்கு அந்த சீட்டு வேணாம் சார், எனக்கு வேற யாரும் இல்ல. ரெண்டாவதுல எனக்கு யாரும் இல்லங்கறதக் காணோம். மூணாவதுல என் பொண்ணுக்குங்கறது எனக்குன்னு மாறிடுச்சு. பாத்தீங்களா எவ்ளோ சீக்கிரம் பழகிட்டாங்கன்னு? நான் மறுபடி மறுபடி சொன்னதுதான் அது, மிஷினுகிட்ட சுருக்கமாப் பேசு, தேவையில்லாதத எடுத்துடுன்னு. நாலாவதுதான் இப்ப உங்க ஸ்கிரீன்ல இருக்கிறது. ஆனா நாலுலயும் கடைசி வரி மட்டும் மாறவே இல்ல. உடம்பப் பாத்துக்கோங்க. அதத்தான் அது லுக் அட் யுவர் பாடின்னு போட்டிருக்கு. எங்கம்மா யாருகிட்டப் பேசினாலும் அதச் சொல்லாம முடிக்க மாட்டாங்க. கேஸ் சிலிண்டர் போடறவருகிட்டச் சொல்வாங்க. ராங் நம்பர்ல வந்தவன்கிட்டக்கூடச் சொன்னாங்க. என் சீட்டப் புடுங்கறப்பவும் சொல்லிட்டாங்க.

இல்ல, தண்ணி வேணாம்.

அம்மாகிட்டக் கேக்கல மேடம். நாலு நாளாச்சு, ஒரு வார்த்த கேக்கல. போனத் தொடச்சுக் குடுத்தேன், அந்த ஒண்ண மட்டும் அழிக்காம. கேட்டா அழுவாங்க. அழுதா நான் சரி விடுன்னு சொல்லிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். நான் ஊருல இல்லாட்டியும் அவங்க சமாளிக்கணும்னுதான் அத்தனையும் கத்துக்குடுத்தேன். நல்லாத்தான் சமாளிச்சிருக்காங்க. என்ன, நான் கத்துக்குடுத்ததை வெச்சு முதல்ல சமாளிச்சது என்னைத்தான்.

கோவமில்லன்னு யாரு சொன்னா? வேண்டிய அளவு இருக்கு. தலையத் தடவினாங்களே மேடம். அவனுங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு சொல்லிச் சொல்லித் தடவினாங்களே. சீட்டு வேணாம்னு எழுதினதக்கூட நான் ஒரு நாள் மறந்துடுவேன். அந்தக் கை இருக்கு பாருங்க.

போலீசா? ஐயோ, அதெல்லாம் வேணாம். எனக்கு சீட்டு மட்டும் வேணும்.

சரி, எழுதிட்டேன். அனுப்பிய நபர், தாய். இங்கிலீஷ்லதான் எழுதியிருக்கேன், எழுத்து புரியுதா? கீழ என் கையெழுத்து. இதென்ன, இன்னொரு கோடு? காப்பாளர் கையொப்பமா. ஆமா, பதினெட்டு ஆக இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. காப்பாளர்னா அவங்கதான். வேற ஆளே கெடையாது எனக்கு. அவங்களுக்கும்தான்.

இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாது அவங்களுக்கு. ஒரு கையெழுத்து வேணும், வான்னு மட்டும்தான் கூட்டிட்டு வந்தேன். எதுக்குடின்னு கேக்கவும் இல்ல. நான் வெரல வெச்ச எடத்துல போட்டுடுவாங்க, ஒம்பது வயசுலேர்ந்து அப்படித்தான். இப்பக்கூட வெரல வெச்சா போட்டுட்டுப் போயிட்டே இருப்பாங்க. எனக்கு வேல முடிஞ்சுடும். பஸ்ஸுல வர்றப்போ பூரா அதத்தான் நெனச்சுட்டு வந்தேன்.

வேணாம் மேடம், நீங்க படிச்சுக் காட்டாதீங்க. நானும் காட்ட மாட்டேன். அவங்களே படிக்கட்டும். ரெண்டாவது கட்டத்தையும் படிக்கட்டும். போடறதுன்னா போடட்டும். போடலன்னா, தெரியல. மணி எத்தன? இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்குல்ல. எழுத்துக்கூட்டவே தேவையில்ல, கேமராவப் புடிச்சா அதுவே சத்தமா வாசிக்கும். நீங்க கதவ மட்டும் கொஞ்சம் சாத்திடுங்க.

யம்மா. உள்ள வா. ஒரு கையெழுத்து போடணும். மெதுவா, மெதுவா, படி இருக்கு. கண்ணாடிய விடு, அது பையிலயே இருக்கட்டும். போன எடுத்துட்டு வா.