பொன்னுத்தங்கம் போட்ட பூட்டு

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பெரியவர் சங்கரபாண்டியன் அவர்களே, மனைவியை இழந்து நிற்கும் மகேஷ்குமார் அவர்களே, மறைந்த அம்மையார் வளர்த்த நிறுவனத்தை இன்று தோளில் தாங்கியிருக்கும் பொறியாளர் பிரீத்தி அவர்களே, அரைநாள் வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் போர்மேன்களே, தொழிலாளத் தாய்மார்களே, ‘அளவன்’ பயனர் கூட்டமைப்பின் உறுப்பினர்களான பட்டாசு ஆலை உரிமையாளர்களே! உங்கள் செயலாளர் என்ற முறையில் துயரத்தோடு வணங்குகிறேன்.

அழுவதற்காக நான் இந்த ஒலிபெருக்கிக்கு முன் வரவில்லை. அழுகை வீட்டிலேயே முடிந்துவிட்டது. பேச வேண்டியது மீதமிருக்கிறது.

மண்டப வாசலில் ஒரு பிளக்ஸ் பலகை கட்டியிருக்கிறார்கள். பார்த்தேன். அச்சுக்குப் பெயர் போன ஊர் அல்லவா? வண்ணத்தில் குறையே இல்லை. பொன்னுத்தங்கம் அம்மையாரின் படம் ஒரு மூலையில். வருந்துவோரின் படங்கள் அதைவிடப் பெரிதாக நடுவில். வருத்தத்தின் அளவைக் காட்ட அவர்கள் அறிந்த வழி அதுவாக இருக்கலாம். இருக்கட்டும்.

யார் இந்தப் பொன்னுத்தங்கம்? திருத்தங்கலில் ஓர் அச்சகத்தின் மாடியில் வைப்பாறு கணினியகம் என்ற சின்னஞ்சிறு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர். முதலீடு தருகிறோம் என்று வந்த எவரையும் உள்ளே விடாதவர். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “பணம் போட்டவர் சொல்றதைத்தானே அண்ணாச்சி அப்புறம் கேக்கணும்? கீழ மெஷின் ஓடுற சத்தத்தையே என்னால சகிக்க முடியலை” என்றார்.

அந்த மாடியில் பிறந்ததுதான் ‘அளவன்’. அது என்ன செய்கிறது என்பதை இங்கே வந்திருக்கும் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாசு ஆலையில் ஒவ்வொரு அறைக்கும் இவ்வளவு வெடிமருந்துதான், இத்தனை ஆட்கள்தான் என்று வரம்பு உண்டு. பண்டகசாலையிலிருந்து ஓர் அறைக்கு மருந்து போவதை அளவன் எடைபோட்டுக் கணக்கில் ஏற்றும். வரம்பு நிறைந்ததும் பூட்டிக்கொள்ளும். அதற்கு மேல் மருந்து வாங்கும் சீட்டு அச்சாகாது. மீறிக் கொடுத்தால், மீறியது பதிவாகும். அந்தப் பதிவை முதலாளி நினைத்தாலும் அழிக்க முடியாது. இவ்வளவுதான் அந்தப் பூட்டு.

முதலில் எச்சரிக்கை திரையில் ஆங்கிலத்தில் வந்தது. யார் படித்தோம்? மூடிவிட்டு வேலையைப் பார்த்தோம். அதை அறிந்ததும் எழுத்தை எடுத்துவிட்டுத் தம் குரலையே பதிந்து வைத்தார் அம்மையார். “இந்த அறைக்கு இன்னைக்கு அம்புட்டுத்தான். கையைக் கழுவிட்டு வாங்க.” முதல் நாள் என் ஆலையில் பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். “ஏ, மேடம் கம்ப்யூட்டருக்குள்ள உக்காந்துகிட்டு வேவு பாக்காகடி!” என்று மருந்து அறைப் பேச்சியம்மாள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் சிரித்துக்கொண்டே கையைக் கழுவினார்கள். அதுவல்லவா வெற்றி! எந்த ஆணையும் சாதிக்காததை ஒரு குரல் சாதித்தது. இன்று காலையிலும் எங்கள் பண்டகசாலையில் அந்தக் குரல் கேட்டது. பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. ஆனாலும் கையைக் கழுவினாள்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசி மாதம், சீசனின் உச்சம். மதியம் வானம் இருண்டு இடி இடித்தது. இடி கேட்டால் நம் ஆலைகளில் என்ன செய்வோம்? போட்டது போட்டபடி எல்லோரும் அறையைவிட்டு வெளியேறுவோம். அன்று எல்லா ஆலைகளிலும் மருந்து வழங்கல் நின்றது. ஓர் ஆலையில் ஓர் அறை மட்டும், இடிக்கு நடுவிலும், மருந்து வாங்கிக்கொண்டே இருந்தது. மறுநாள் வேறு ஏதோ பழுது பார்க்கும்போது அதைப் பதிவில் கவனித்த அம்மையார், என் வண்டியிலேயே அந்த ஆலைக்கு வந்து அதன் உரிமையாளரிடம் சொன்னார்:

“அண்ணாச்சி, உங்க அறையை எல்லாம் ஒரு தரம் பாத்துட்டுப் போறேன்.”

“எதுக்கும்மா வெயில்ல? மொதல்ல ஒரு காப்பி சாப்பிடுங்க.”

“காப்பி அப்புறம் சாப்பிடலாம். அந்தக் கடைசி அறை எங்கன இருக்கு?”

“அது… கொஞ்சம் அங்கன தள்ளி இருக்கும்மா.”

“எம்புட்டுத் தள்ளி? சாத்தூர் தாண்டியா?”

பக்கத்தில் நின்ற போர்மேன் சிரித்துவிட்டார். “ஏலே, என்னலே சிரிப்பு?” என்று உரிமையாளர் திரும்ப, அவர் அதை இருமலாக மாற்றப் பார்த்தார். அம்மையார் முகத்தில் மட்டும் சிரிப்பே இல்லை. “இடி இடிக்கையிலகூட எந்திரிக்காம வேலை பாத்திருக்காக. அம்புட்டுத் தைரியசாலிகளை ஒரு தரம் பாக்கணும்னுதான் வந்தேன்” என்றார்.

அப்படி ஓர் அறையே அங்கே இல்லை. வரம்பை ஏமாற்றுவதற்காகக் கணினியில் மட்டும் கட்டப்பட்ட அறை அது. காலையிலேயே கொடுத்துவிட்ட மருந்தை, இடி நேரத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்து அதன் பேரில் ஏற்றியிருக்கிறார்கள். பிறகு அம்மையார் தாழ்ந்த குரலில் கேட்டார்: “அறை இல்லை. மருந்து இருந்திருக்கு. அப்ப அந்த மருந்து யாரு பக்கத்துல இருந்துச்சு அண்ணாச்சி?” பதில் எல்லோருக்கும் தெரியும். நான்கு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்த பக்கத்து அறையில் இருந்தது.

அந்த உரிமையாளரின் பெயரை அம்மையார் ஒருபோதும் எவரிடமும் சொன்னதில்லை. நானும் சொல்லப் போவதில்லை. இனி உரிம நகலும் அறையின் புகைப்படமும் இல்லாமல் அளவனில் ஒரு புதிய அறையைச் சேர்க்க முடியாது என்று மாற்றிவிட்டு, காப்பியையும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

இப்போது, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

அம்மையார் மறைந்து காரியம்கூட முடியாத நிலையில், நம் உறுப்பினர்கள் சிலர் அந்த மாடிக்குப் போனார்கள். துக்கம் கேட்கவா? துக்கமும் கேட்டார்கள். கேட்ட கையோடு பிரீத்தியிடம் சொன்னார்கள்: “ஏம்மா, மேடம் இருந்தவரைக்கும் சரி. சீசன் வருது. இந்தப் பூட்டை மட்டும் எடுத்துவிட்ரு. இல்லாட்டி நாங்க வேற கம்பெனிக்குப் போயிருவோம். எங்களை விட்டா நீ யாரை வச்சு நடத்துவே?”

எண்ணிப் பாருங்கள்! தீயணைப்பு வண்டியின் ஓசையைக் கேட்டு, யார் வீடு என்று தெரியாமல் தெருவுக்கு ஓடிவந்த தாய்மார்கள் இல்லாத ஊர் எது நம்மிடம்? அந்த ஊர்களில் ஆலை நடத்துகிறவர்களா இதைக் கேட்டார்கள்? வாசலில் பிளக்ஸ் கட்டிய கையா பூட்டையும் உடைக்கச் சொன்னது? அவர் உடல்தான் போயிற்று, குரல் இன்னும் இருக்கிறதே என்பதா உங்கள் வருத்தம்?

இதை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் யார் தெரியுமா? இல்லாத அறையைக் கணினியில் கட்டிய அதே உரிமையாளர். “கூப்பிட்டாக அண்ணாச்சி, நான் போகலை” என்றார். அவருக்கு இந்த மேடையிலிருந்து என் வணக்கம். பிடிபட்டவர் திருந்தினார். பிடிபடாதவர்கள் பூட்டை உடைக்கக் கேட்கிறார்கள்.

பிரீத்தி என்ன சொன்னார்? “கூட்டத்துல எந்திரிச்சு கேளுங்க அண்ணாச்சி” என்றார்.

அந்தச் சொல்லின் பொருள் நம் எல்லோருக்கும் தெரியும். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் நாட்களில் நாம் ஆண்டுதோறும் கூடுவோம். மென்பொருளில் எந்த மாற்றம் வேண்டுமானாலும் அங்கே எழுந்து நின்று, ஆலையின் பெயரைச் சொல்லி, காரணத்தை எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். தொலைபேசியில் கேட்டால் எடுபடாது. கல்யாணப் பந்தியில் ஒருவர் மெல்லக் காதோடு கேட்டபோது, “சாம்பார் ஊத்துறதுக்குள்ள ஒரு மாத்தமா? கூட்டத்துல எந்திரிச்சு கேளுங்க” என்று இலையைவிட்டுத் தலை நிமிராமல் சொன்னவர் அம்மையார். அப்படி எழுந்து கேட்டு நாம் பெற்றவை ஏராளம். வெட்கமில்லாமல் கேட்கக் கூடியதை மட்டுமே செய்து தருவது என்பது அவர் கொள்கை.

ஆண்டுக்கூட்டம் வர நாளாகும். ஆனால் கூட்டமைப்பு முழுவதும் இன்று இங்கே இருக்கிறது. மருந்து அறைகளில் வேலை செய்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். தலைவரின் அனுமதியோடு அழைக்கிறேன். பூட்டை எடுக்கச் சொன்ன நண்பர்களே, எழுந்து நில்லுங்கள். ஆலையின் பெயரைச் சொல்லுங்கள். காரணத்தை, அதோ, அந்தப் பெண்களைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

காத்திருக்கிறேன்.

மூன்றாம் வரிசையில் ஒருவர் வேட்டியைச் சரிசெய்கிறார். எழுவதற்காக அல்ல போலிருக்கிறது.

நல்லது. பிரீத்தி அவர்களே, கேட்க ஒருவரும் இல்லை. ஆகவே நீங்கள் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. பூட்டு இருக்கும். வேறு கம்பெனிக்குப் போகிறவர்கள் போகலாம். கதவில் பூட்டு இல்லை. நீங்கள் தனித்து நிற்க மாட்டீர்கள். கூட்டமைப்பின் பெரும்பாலான ஆலைகள் அளவனைத் தொடர்வதாக என்னிடம் உறுதி சொல்லிவிட்டன. வைப்பாறு கணினியகம் மூடப்படாது. சீசனுக்கு முன் வரவேண்டிய புதிய பதிப்பு வரும். அதில் எது மாறினாலும் அந்தக் குரல் மாறாது. இது அம்மையாரின் பெயரால் நாங்கள் உங்களுக்குத் தரும் வாக்கு.

இப்போது, பெரியோர்களே, தாய்மார்களே, உறுப்பினர்களே, பொன்னுத்தங்கம் அம்மையாருக்காக எல்லோரும் எழுந்து நிற்போம். எதையும் கேட்க வேண்டாம்.