பெயரைச் சொல்லுங்கள், தூக்குகிறேன்

பெருமதிப்புக்குரிய அவைத்தலைவர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் பளுதூக்கும் வீரர்களே! அவர்களைத் தாங்கிக்கொண்டிருக்கும் நாற்காலிகளே! அறிவிலும் ஆண்டிலும் மூத்த ஆன்றோர்களே! பிரிவோஸ் சந்தையில் மீன்கடைகளை மூடிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் சூரியகாந்தி விதை கொறித்தபடி கடிகாரம் பார்க்கும் இளைஞர்களே! அனைவருக்கும் ஒதெஸ்ஸா நகரத்து ரிவா ஸில்பர்மனின் வணக்கம்.

இந்தப் பயிற்சிக்கூடத்துக்கு என் கணவர் நவூம் ஸில்பர்மனின் பெயரைச் சூட்டுகிறீர்கள். இதோ, முன்வரிசையில் இருக்கிறார். உயிரோடிருப்பவரின் பெயரை வைக்கலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருந்தால் இவரும் பொறுத்திருப்பார்.

யார் இந்த நவூம்? வண்டிக்காரர் இஸாக்கின் மகன். துறைமுகத்தில் பீப்பாய் சுமந்தவர். போருக்குப் போய், தோளுக்குள் குண்டுச் சில்லோடு திரும்பியவர். அந்தச் சில்லு இன்றும் உள்ளேதான் இருக்கிறது. போட்டிக்கு முன் உடல் எடை பார்த்தபோதெல்லாம் அதையும் சேர்த்தே நிறுத்தார்கள். அந்தத் தோளோடு தூக்கினார்; தூக்கித் தூக்கித் துவண்டார்; துவண்டும் தூக்கினார்; சோவியத் நாடு முழுமைக்கும் சாம்பியன் ஆனார்!

வெளிநாட்டில் உலகப் போட்டி வந்தது. கூடவே பன்கிராத்தவ் என்ற அதிகாரியும் வந்தார். யூதப் பெயர் ஒன்று நம் கொடியின் கீழ் ஒலிப்பதை அன்றைய மேலிடம் விரும்பவில்லை.

"தோழர் ஸில்பர்மன், உங்க கை நல்லாயிருக்கு, காலு நல்லாயிருக்கு. பேருதான் கொஞ்சம் இடிக்குது. செரெப்ரோவ்னு ரஷ்யப் பேரா மாத்திக்குங்க. உங்க பேரு மாதிரியே அதுக்கும் வெள்ளின்னுதான் அர்த்தம்."

நவூம் நேரே சந்தைக்குப் போனார். அவருடைய அம்மா, என் மாமியார் ஃபெய்கா, மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டுக்கும் ஒரே அர்த்தமாடா?"

"ஆமாம்மா."

"அப்ப எதுக்கு மாத்தணும்?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். போரில் ஊர் எதிரியின் கையில் இருந்தபோது கொல்லப்பட்ட யூதர்களில் அவர் கணவரும் ஒருவர்.

"உங்கப்பனுக்குக் கல்லறை உண்டாடா? இந்தப் பேரு ஒண்ணுதான் மிச்சம். செரெப்ரோவ் யாரு? அவனை நான் பெக்கலையே!"

மறுத்தார் நவூம். மறுநாளே அணியில் இடமில்லை. மறுபடியும் துறைமுகம், மறுபடியும் பீப்பாய். அப்போதுதான் நான் அவரை மணந்தேன். என்ன கேட்கிறீர்கள் அம்மா? சாம்பியனாக இருந்தபோது ஏன் மணக்கவில்லை என்றா? அப்போது அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆண்டுகள் கழித்து நகரப் போட்டியில் மட்டும் அனுமதித்தார்கள். கலந்துகொள்ளலாம், ஆனால் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லக் கூடாது. கடைசித் தூக்கல். தூக்கினால் முதலிடம். அறிவிப்பாளர் லூக்கிச் மற்ற எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்தார். இவர் முறை வந்ததும், "அடுத்த வீரர்!" என்றார்.

இவர் கம்பியின் முன் வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார்.

"பேரைச் சொல்லுங்க, தூக்குறேன்."

கடிகாரம் ஓடியது. குறித்த நேரம் தாண்டினால் வாய்ப்பே போய்விடும். லூக்கிச் இவருடைய செல்லப் பெயரைச் சொல்லிக் கிசுகிசுத்தார்: "நியோமா, என் பென்ஷனைக் கெடுத்துடாதப்பா. தூக்கிட்டுப் போயேன்!"

ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டார். அரங்கம் முழுவதும் கேட்டது.

எழுந்தது யார்? அமைச்சரா? அறிஞரா? மீன்கடைப் பெண்கள் எழுந்தார்கள்! "யோவ் லூக்கிச்! அது நம்ம ஃபெய்கா மவன்யா! ஸில்பர்மன்! நாக்கு சுளுக்கிக்குமா உனக்கு?" ஒரு வரிசை எழுந்தது, ஓர் அரங்கமே எழுந்தது, ஒரே பெயர் ஓங்கி ஒலித்தது!

லூக்கிச் எழுந்து நின்று கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

"நவூம் இஸாக்கோவிச் ஸில்பர்மன்!"

தகப்பன் பெயரையும் சேர்த்தே சொன்னார். அருகிலிருந்த மாமியார் என் கையைப் பிடித்த பிடியில் என் மோதிரம் வளைந்தது.

தூக்கினாரா என்கிறீர்கள். குனிந்தார், பிடித்தார், தலைக்கு மேல் கொண்டுபோனார். கம்பி ஆடியது. தோள் விட்டுக்கொடுத்தது. அத்தனையும் தடாலென்று தரையில் விழுந்தது.

மூன்றாம் இடம்.

லூக்கிச்சுக்கு வேலை போனது. என் கணவர் வெளியே வந்து தலை குனிந்து நின்றார். "அம்மா, கீழ போட்டுட்டேன்."

மாமியார் அவர் கழுத்து வியர்வையைத் தன் தலைத்துணியால் துடைத்தார். "இரும்புதானேடா. எங்க போயிடும்? அங்கேயேதான் கிடக்கும்."

பெரியோர்களே! தங்கத்தைப் பறிக்கலாம், தகுதியைப் பறிக்கலாம், தகப்பனையே பறிக்கலாம். தானாகக் கொடுக்காதவனிடமிருந்து பெயரை யார் பறிக்க முடியும்?

அடுத்த ஆண்டு போனார். அங்கேயேதான் கிடந்தது. பெயரைச் சொன்னார்கள். தூக்கினார்.

பேச இடம் தந்த தலைவருக்கும், கேட்கப் பொறுமை தந்த உங்களுக்கும், உட்கார்ந்தே அழுதுகொண்டிருக்கும் என் கணவருக்கும் நன்றி, வணக்கம்!