பதினாறு விளக்குப் பெட்டி

இந்த அறை ஃபேனுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடும், ஐயா. முப்பது வருஷமாக ரேடியோ, டிவி பழுது பார்க்கிறவன். காது தானாக அங்கேதான் போகிறது.

கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்டீர்கள். என் தங்கை வீட்டு முன்னறையில் நான் செய்தது. அந்தக் காலத்து மெஷின் மாதிரி, திரை கிடையாது. முகப்பில் பதினாறு சுவிட்ச், பதினாறு சின்ன விளக்கு. சுவிட்சைத் தட்டிக் கணக்கைச் சொன்னால் விளக்கு எரிந்து விடை சொல்லும். சர்க்யூட் படம் வரைந்ததிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் கம்பிகளைப் பற்றவைத்தது வரை ஆறு வருஷம், எல்லாம் நான். என் தங்கை புருஷன் கல்லூரி வாத்தியார். பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் படித்துச் சொல்வார். தங்கமான மனுஷர் என்றுதான் நினைத்திருந்தேன்.

அறிவியல் கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு. பேப்பரில் மாப்பிள்ளை படம், மாப்பிள்ளை பேர். என் பேர் மருந்துக்கும் இல்லை. கேட்டேன்.

“பத்தவெச்சது நீங்கதான் மச்சான், யாரு இல்லைன்னா? ஆனா யோசிச்சவன் பேரைத்தானே போடுவாங்க?”

தங்கை தலை நிமிராமல் சொன்னாள்: “விடுண்ணா. உனக்கெதுக்குப் பேரு? அவருக்குன்னா வேலையில உதவும்.”

அப்பா போன பிறகு அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான். சிரித்துக்கொண்டே எழுந்து வந்தேன்.

அடுத்த கண்காட்சிக்கு முன்னால் ஒருமுறை பார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். போனேன். இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரே ஒரு கரண்ட் கம்பியை இடம் மாற்றி மூடினேன். மாப்பிள்ளைக்குப் பெட்டிமேல் இடது கையை ஊன்றிக்கொண்டு வேலை பார்க்கிற பழக்கம். குளிக்கப் போயிருந்தார். விளக்குகளை எரியவிட்டுக் காத்திருந்தேன்.

தங்கை ஈரத்துணியோடு வந்தாள். “நாளைக்கு நாலு பேரு பாக்கப்போறாங்க, எவ்வளவு தூசி பாருண்ணா.”

அவளுக்கும் பெட்டிக்கும் நாலு அடி இருக்கும். ‘தொடாதே’ என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். பதில் சொன்னால் அந்த வீட்டில் நான் ஒருத்தன்தான் கெட்டவன் என்றாகிவிடும். பேசாமல் நின்றேன்.

மாப்பிள்ளை தலை துவட்டியபடி வந்து பார்த்தார். அதற்கப்புறம் அவர் யாரோடும் பேசுவதில்லை என்கிறார்கள்.

சரியாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கம்பியை மாற்றியது நான். அவள் கையை நீட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றதும் நான். ஆனால் என் தங்கைக்கு ஒரு கெடுதல் செய்ய எனக்கு மனசு வராது. அவளைக் கொன்றது அவர்தான். பேப்பரில் என் பேரையும் போட்டிருந்தால் அவள் இன்றைக்கு இருந்திருப்பாள்.