ரத்தம் வராத விரல்

மாலை ஏழு மணி. கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோட்டில் ஷிப்ட் பஸ் போன பிறகு ஆள் நடமாட்டமே இல்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. காற்றில் துருப்பிடித்த இரும்பு வாசனை...

என் சிநேகிதன் நியாஸின் சாச்சி, அதாவது சின்னம்மா, ஜபீன் அந்த ரோட்டில்தான் குடியிருந்தார். 2009ஆம் வருஷம். அஞ்சல் வழியில் விலங்கியல் பட்டம் படிக்கிறவர்களுக்கு வீட்டிலிருந்தே இணையத்தில் லேப் வகுப்பு எடுப்பார். சாமான்கள் பார்சலில் போய்விடும். பிள்ளைகள் வெப்கேமரா முன்னால் செய்து காட்ட வேண்டும்.

அன்றைக்கு ரத்த வகை கண்டுபிடிப்பது. எல்லோரும் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஷைனி மட்டும் பாக்கி. ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பெண். பிரவுசிங் சென்டரிலிருந்து வருவாள். ஒரு வகுப்பைக்கூட விட்டதில்லை.

ஊசியால் விரலைக் குத்தினாள். டிக்... ஹெட்போனில் துல்லியமாகக் கேட்டது.

ரத்தம் வரவில்லை.

"நல்லா அமுக்கிப் பாரும்மா."

அமுக்கினாள். அடுத்த விரல். டிக். அதற்கடுத்தது. டிக்... முகம் சுளிக்கவே இல்லை.

"வரல மேடம். இன்னா பண்றது?... உங்க ரத்தம் எடுத்துக்கவா?"

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தார் ஜபீன். "எடுத்துக்கோ, போ," என்று சிரித்தார்.

கரண்ட் போனது.

இருட்டில் தடவி செல்போனை எடுத்து ஷைனியைக் கூப்பிட்டார். எடுத்தது அவள் தம்பி எட்வர்ட். அழுதுகொண்டிருந்தான்.

"மேடம், அக்கா உங்க கிளாஸுக்குத்தான் கெளம்பி வந்துச்சி. வழியில லாரி தட்டிடுச்சி. நாலு மணிலேர்ந்து ஐசியூல கீது. ஓ நெகடிவ் ரத்தம் கெடைக்காம அலஞ்சிக்கினு கீறோம்..."

நாலு மணியா? அப்படியானால் இவ்வளவு நேரம்...

ஆனால் ஜபீனுக்கும் அதே ரத்தம். புர்காவை மாட்டிக்கொண்டு, கிடைத்த ஆட்டோவில் ஏறினார். வழி நெடுக உடம்பு உதறியது. தலை கிறுகிறுத்தது. பயத்தில்தான் என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் அவரைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தாள்.

"இன்னா மேடம், திரும்பி வந்துட்டீங்க? ரத்தம் குடுத்துட்டு, ஜூஸ்கூடக் குடிக்காம போயிட்டீங்களே! பொண்ணு பொழச்சிக்கிச்சி."

ஜபீன் புர்காவின் இடது கையை மெதுவாக மேலே ஏற்றினார்.

முழங்கை மடிப்பில் பஞ்சு. அதன்மேல் பிளாஸ்திரி.

பஞ்சு இன்னும் ஈரமாக இருந்தது.