சாவு வீட்டுக் கதையில் சிரிக்க வைத்த யோலாங்கா ஷெப்யானிச் அவர்களுக்கு

மூரா ஆற்றங்கரை ஈன்ற முத்தே! நான்கு நாவல்கள் தந்த நல்லாளே! ஹங்கேரியக் கதைமாந்தரை எங்கள் அடுப்படிவரை அழைத்து வந்து, ஸ்லோவேனிய மொழியில் சண்டையிடவும் சமாதானம் ஆகவும் பழக்கிய சான்றோரே! எங்கள் யோலாங்கா அம்மையாரே! வணக்கம்.

அன்னையிடம் ஹங்கேரியமும் தந்தையிடம் ஸ்லோவேனியமும் கற்று, இரண்டிலும் பிடிவாதம் பிடித்து வளர்ந்தவர் தாங்கள். வாரமெல்லாம் பிறர் நாவல்களை மொழிபெயர்த்தீர்கள். ஞாயிறுகளில் தங்கள் நாவல்களை எழுதினீர்கள். முதல் நாவலில் நம் வட்டார வழக்கை வாரி இறைத்திருந்ததைக் கண்டு, "தலைநகர் லியுப்லியானாவுல இது யாருக்கும்மா புரியும்?" என்று பதறினார் நம் பதிப்பகத்தின் அன்றைய தலைவர் ஏவ்கென்.

"புரியலைன்னா இங்க வந்து கேட்டுக்கட்டும். காப்பி போட்டுத் தரேன்" என்றீர்கள்.

வந்தார்கள், கேட்டார்கள், காப்பியும் குடித்தார்கள்!

ஆயினும், இம்மேடையில் சொல்லியே ஆகவேண்டியது கெரெச்சேனி வந்த மாலையைத்தான். புதாபெஸ்டின் புகழ்மிகு எழுத்தாளர். பெருமிதமும் முன்கோபமும் ஒருங்கே வாய்த்தவர். அவர் நாவலைத் தாங்கள் மொழிபெயர்க்க, பதிப்பகத்தின் கைப்பொருளெல்லாம் கொட்டி அச்சிட்டிருந்தோம். நம்மூர் சோபோத்தா மண்டபத்தில், மாமன் இறந்த வீட்டு அத்தியாயத்தைத் தாங்கள் வாசிக்க வாசிக்க, கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. ஸ்லோவேனியம் ஒரு சொல்லும் புரியாமல் முன்வரிசையில் அமர்ந்திருந்த கெரெச்சேனியின் முகம் சிவந்தது.

கூட்டம் கலைந்ததும் வெடித்தார். "நான் அழுதுகிட்டே எழுதின இடம்மா அது! என் கதையை என்ன பண்ணித் தொலைச்சே? நாளைக்கே புத்தக உரிமையைத் திரும்ப வாங்கிடுவேன்!"

வாங்கினால் பதிப்பகத்தையே மூட வேண்டியதுதான். "ஒரு மன்னிப்பு கேட்டுடும்மா" என்று காதில் கெஞ்சினார் ஏவ்கென்.

"தப்பு பண்ணியிருந்தா கேட்டிருப்பேன்" என்ற தாங்கள், "உக்காருங்க ஐயா" என்று அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டீர்கள். தங்கள் மொழிபெயர்ப்பை வரிவரியாக மீண்டும் ஹங்கேரியத்தில் அவருக்கே சொன்னீர்கள். சவப்பெட்டியருகே யார் முதலில் அழுவது என்று அத்தைமார் சண்டையிடும் இடம்.

"இது நான் எழுதினதுதான்" என்றார் விறைப்பாக. அடுத்த வரிக்கு, "இதுவும் நான் எழுதினதுதான்" என்றார், குரல் சற்றே இறங்கி. சின்ன அத்தை ஒப்பாரியின் நடுவே கடிக்கும் செருப்பைக் கழற்றி மாமன் பெட்டிமேலேயே வைக்கும் வரி வந்தபோது, அந்தப் பெரிய மனிதர் பொங்கிச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

"இத்தனை வருஷமா இதைச் சோகக் கதைன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்!"

"சோகமும் இருக்குய்யா. நாளைக்கு லெந்தாவாவுல வாசிக்கப்போறேன், கைக்குட்டை எடுத்துட்டு வாங்க."

பதிப்பகம் பிழைத்தது. அதன்பின் அவர் நூல்கள் ஆறும் தங்கள் கைவழியே எங்களிடம் வந்தன. எங்களில் பலர் இன்று உண்ணும் சோறு அந்த நாற்காலியில் நடந்த வாசிப்பால் வந்தது என்றால் மிகையன்று.

அம்மையீர்! பணி நிறைவு என்கிறார்கள், நாங்கள் நம்பவில்லை. தங்கள் ஐந்தாம் நாவலுக்கு வசந்தகால வெளியீட்டில் இடம் ஒதுக்கியாயிற்று. எங்கள் வாக்கியங்களையெல்லாம் இரக்கமின்றித் திருத்தினீர்களே, இனி எங்கள் முறை. சிவப்பு மை வாங்கி வைத்துவிட்டோம்! எதிர்த்துச் சண்டையிடும் வலிமை குன்றாமல், நோய் அண்டாமல், நூறாண்டும் எங்களோடு வாக்குவாதம் செய்து வாழ்வீராக!

என்றும் தங்கள் அன்புக்குரிய,
பதிப்பகப் பணியாளர்கள்,
மூர்ஸ்கா சோபோத்தா