துரை சாப்பிடும் நேரம்

சாயங்காலம் ஏழே முக்கால். பேய் வருகிற நேரமா இது என்று யாரும் கேட்கக் கூடாது, நடந்தது அப்படித்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகிற ஒற்றைச் சாலை... மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது... ஒரே ஒரு விளக்கு, அதுவும் எரியவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்தச் சாலையில் ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறாள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இதை என்னால் உரக்கச் சொல்ல முடியாது.

அவள் வேறு யாருமில்லை. நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருடைய தங்கை. ஜெராக்ஸ் கடையில் வேலை. அவள் ஓடியது பயந்து இல்லை, வீட்டில் நாய் பட்டினி கிடக்குமே என்றுதான்.

அவள் புருஷன் லைன்மேன். கம்பத்தில் ஏறிக் கரண்ட் வேலை பார்க்கிறவர். தெருவில் கிடந்த குட்டி ஒன்றைத் தூக்கிவந்து, அதற்குத் துரை என்று பெயரும் வைத்தார். பெயருக்கு ஏற்ற திமிர்தான் அதற்கு. ஆறரைக்கு அவர் வந்து, வாசலில் சைக்கிள் ஸ்டாண்டை உதைத்து, இரண்டு தரம் இருமி, சோற்றைத் தன் கையால் பிசைந்து முதல் வாயைத் தான் போட்டுக்கொண்டால்தான் துரை தட்டில் வாயே வைக்கும். மாப்பிள்ளை உபசாரமே இதனிடம் தோற்றது என்று அண்ணன்காரர் கிண்டல் செய்வாராம்.

ஒருநாள் காலையில் நாய் சேற்றுக் காலோடு மெத்தையில் ஏறிவிட்டது. அவள் அப்போதுதான் துவைத்து விரித்திருந்தாள். வந்த கோபத்தில், "நாயும் நீங்களும் வாசலோட நில்லுங்க, இனிமே வீட்டுக்குள்ள வராதீங்க" என்று கத்திவிட்டாள். எந்த வீட்டில் நடக்காத சண்டை? அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் கம்பத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னான். உடம்பைக்கூட வாசலில்தான் கிடத்தினார்கள், உள்ளே இடம் போதவில்லை. அதை நினைத்து நினைத்தே அவள் பாதியாகிப் போனாள்.

துரை சாப்பாட்டைத் தொடவில்லை. நான்கு நாள். விலா எலும்பு ஒவ்வொன்றாய்த் தெரிய ஆரம்பித்தது. அவருடையது என்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான், அதுவும் போய்விட்டால்? ஐந்தாம் நாள் அவள் அவருடைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறமாகச் சுற்றிப் போய், ஆறரைக்குத் தெருமுனையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தாள். ஸ்டாண்டை உதைத்தாள், இருமினாள், பிசைந்து ஒரு வாய் தானும் தின்றாள். நாய் சாப்பிட்டது. தெருவில் முதல் நாள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து ஆறரைக்கு ஒருவரும் வெளியே வருவதில்லை.

இப்படியே ஒரு மாதம். அன்றைக்குக் கடையில் வேலை முடியவில்லை, சைக்கிளும் பஞ்சர் கடையில் கிடந்தது. அதனால்தான் அந்த ஓட்டம். வீட்டு வாசலுக்கு வந்து பார்த்தால்... தட்டு காலி. துரை வயிறு நிறைந்து படுத்து வாலை ஆட்டுகிறது. எதிர்வீட்டு டீச்சர் அம்மா ஜன்னல் வழியாக, "ஏம்மா, ஆறரைக்கே சோறு வெச்சுட்டுப் போனியே, இப்ப எங்கேருந்து ஓடி வரே?" என்று கேட்டார். காக்கிச் சட்டை அவள் கைப்பைக்குள் மடித்தபடி இருந்தது.

நாமாக இருந்தால் ஊரைக் காலி செய்திருப்போம். அவள் சந்தோஷத்தில் அழுதாள். மறுநாள் வேஷம் போடாமல், நிலைப்படியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஆறரை. ஸ்டாண்டை உதைக்கும் சத்தம்... இருமல், இரண்டு தரம்... அப்புறம் நாய் தட்டை நக்குகிற சத்தம்.

"கோவத்துல சொல்லிட்டேன். உள்ள வாங்க" என்றாள்.

பிறகு ஈரக் காலோடு ஏதோ ஒன்று அவளை உரசிக்கொண்டு உள்ளே போனது. அவர் கரண்ட் வேலைக்குப் போடுகிற ரப்பர் கையுறை நனைந்த வாசனை. அவள் துரையையும் கூப்பிட்டாள். அது வரவில்லை. பிடரி மயிர் சிலிர்த்து, நிலைப்படியையே பார்த்துக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து அது வீட்டுக்குள் கால் வைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அண்ணன் பார்க்க வந்தார். கூடத்தில் இரண்டு தட்டு போட்டிருந்தது. உள்ளறையில் யாரோ இருமினார்கள். அவர் கேட்பதற்கு முன்பே, "அவருக்குச் சளிண்ணா" என்றாள். புத்தி பேதலித்துவிட்டதோ என்று இவர் நினைத்தார். ஆனால் இருமலை இவரும்தான் கேட்டார், அதற்கு என்ன சொல்வது?

அப்போது மணி ஆறரை. வாசலில் ஸ்டாண்டை உதைக்கும் சத்தம். வீட்டில் இருக்கிற ஒரே சைக்கிள் கூடத்துச் சுவரில்தான் சாய்ந்திருந்தது. அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். துரை பின்னங்காலில் எழுந்து நின்று குழைந்துகொண்டிருந்தது. யாரோ தடவிக் கொடுக்கிற மாதிரி அதன் காதுகள் மடங்கி மடங்கி நிமிர்ந்தன. வாசலில் இருமல், இரண்டு தரம். அதே நேரத்தில் உள்ளறையிலும்.

அவர் திரும்பித் தங்கையைப் பார்த்தார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தன் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"தெரியும்ணா" என்றாள், உதடு மட்டும் அசைய. "நான் கூப்பிட்டது அவருக்குக் கேக்கல. இன்னும் வாசல்லயேதான் நிக்கறார். வேற யாருக்கோ கேட்டுடுச்சு."

உள்ளே இருமல் நின்றுவிட்டது... கட்டிலிலிருந்து யாரோ மெதுவாக எழுந்திருக்கிற சத்தம்.